கொடி பீன்ஸ்: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் பரம்பரை விதையை வளர்த்துக் காக்கும் முறை

கொடி பீன்ஸ் பயிரிட நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த மாதத்தில் விதைக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். எந்த மாதத்தில் அது பூக்க வேண்டும் என்று கேட்பதே சரியான தொடக்கம். விதை முளைக்கவும் கொடி ஏறவும் நம் பகுதியில் ஆண்டின் பல மாதங்கள் இடம் கொடுக்கும். பூ பிஞ்சாக மாறும் அந்த மூன்று நான்கு வாரங்கள் மட்டும் இரவுக் குளிர்ச்சியைக் கேட்கும், அது கிடைக்காவிட்டால் பூ முழுவதும் உதிர்ந்துவிடும். பரம்பரை விதையை வளர்ப்பவருக்கு இதற்கு அடுத்த கட்டமும் முக்கியம். கொடியிலேயே முற்றிய காய் நெற்றாகிக் காயும் இரண்டு மூன்று வாரங்களில் மழை பெய்யக் கூடாது. ஆகவே பூக்கும் காலத்தையும் நெற்று காயும் காலத்தையும் முதலில் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளை முடிவு செய்ய வேண்டும்.

பின்னோக்கி எண்ணுவதற்கான கணக்கு

நல்ல விதை 5 முதல் 8 நாட்களில் முளைக்கும். கொடி வகைகள் சமவெளியில் 40 முதல் 50 நாட்களிலும், மலையின் குளிரில் 50 முதல் 60 நாட்களிலும் பூக்கத் தொடங்கும். பூத்ததிலிருந்து சமையலுக்குரிய காய் கிடைக்க ஏறத்தாழ 2 வாரங்களும், அதே காய் நெற்றாக முற்றிக் காய 5 முதல் 6 வாரங்களும் ஆகும். பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதும், இரவு வெப்பம் தொடர்ந்து 20 டிகிரிக்கு மேல் நிற்கும்போதும் மகரந்தம் வலுவிழப்பதால், கொடி பசுமையாக இருந்தாலும் காய் பிடிக்காது.

கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ள சேலம் நகரில் இந்தக் குளிர்ச்சி கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரைக்கும்தான் கிடைக்கிறது. மாசி முடிவதற்குள் பகல் வெயில் 35 டிகிரியைத் தொட்டுவிடும். ஆகவே சேலத்தில் ஐப்பசி மாதம், அதாவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை, விதைக்க வேண்டும். மார்கழியில் பூத்து, மாசியின் வறண்ட காற்றில் நெற்று காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழை நாற்றுகளுக்குத் தொல்லைதான் என்றாலும் அதை மேட்டுப்பாத்தியால் சமாளித்துக்கொள்ளலாம். மாசி வெயிலில் உதிரும் பூவைச் சமாளிக்க வழியில்லை. சித்திரையில் விதைத்துவிட்டு உரத்தைக் குறை சொல்வது எந்தப் பயனும் தராது.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் கோடையிலும் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்பதால், பூக்கும் காலத்துக்குத் தட்டுப்பாடில்லை. அங்கே இடைஞ்சல் செய்வது மழையும் பனிமூட்டமும்தான். சமையலுக்காக மட்டும் வளர்ப்பவர்கள் மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ விதைத்துக் கோடை மழையின் உதவியோடு வைகாசி, ஆனியில் பறிக்கலாம். விதைக்காக வளர்ப்பவர்கள் தை மாதத் தொடக்கத்திலேயே தண்ணீர் ஊற்றி விதைத்துவிடுவது நல்லது. பங்குனியில் பூத்து, சித்திரை முடிவதற்குள் பெரும்பாலான நெற்றுகளை எடுத்துவிடலாம்.

மேலேயும் கீழேயும் இவ்வாறு பருவம் மாறி வருவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஏற்காட்டிலோ நாகலூர், செம்மநத்தம் போன்ற மலைக் கிராமங்களிலோ உறவினர் உள்ள சேலத்துக் குடும்பம், ஒரே விதையை ஐப்பசியில் கீழேயும் தையில் மேலேயும் விதைத்து, ஒரே ஆண்டில் இரண்டு முறை புதுப்பிக்கலாம். ஒரு பக்கம் மழையாலோ நோயாலோ பயிர் போனாலும் மறுபக்கத்தில் விதை மிஞ்சும். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு வீடுகள் ஒரு விதையைப் பங்கிட்டுக்கொள்வதைவிடப் பாதுகாப்பான விதை வங்கி வீட்டுத் தோட்டக்காரருக்குக் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

எந்த விதையைத் தேடுவது

பீன்ஸ் நம் மண்ணில் தோன்றிய பயிர் அல்ல. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் ஒட்டிய பகுதியிலும், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் தனித்தனியே காட்டுச் செடியிலிருந்து பழக்கப்படுத்தப்பட்டு, கொலம்பஸின் 1492 பயணத்துக்குப் பிறகே மற்றக் கண்டங்களுக்குப் பரவியது. ஆயினும் ஒரே குடும்பத்திலோ ஒரே ஊரிலோ தலைமுறைகளாக எடுத்து விதைத்து வந்த விதை, அந்த ஊரின் மண்ணுக்கும் மழைக்கும் பழகிய விதையாகிவிடுகிறது. அதையே இங்கே பரம்பரை விதை என்கிறேன். வெளிநாட்டுப் பழைய வகைகளில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலிருந்து வந்த கென்டகி வொண்டர் என்ற கொடி வகை இந்திய விதைக் கடைகளிலும் கிடைக்கிறது. கையில் ஊர் விதை எதுவும் இல்லாதவர்கள் அதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை.

ஆனால் முதலில் மலைக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். அவரை, மொச்சை, தட்டைப்பயறு ஆகியவற்றோடு ஒரு வேலியோரக் கொடி பீன்ஸையும் வைத்திருக்கும் வீடுகள் மலைப்பகுதிகளில் உண்டு. ஏற்காட்டுச் சந்தையிலும் சூரமங்கலம் உழவர் சந்தையிலும் காய் விற்பவரிடம், இது செடியில் காய்த்ததா, கொடியில் காய்த்ததா, விதை வீட்டில் எடுத்ததா, பாக்கெட்டில் வாங்கியதா என்று கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள். வாங்கும்போது விதையின் நிறம், வடிவம், தந்தவரின் ஊர், அவர் விதைக்கும் பட்டம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், சேலத்துக்கு அருகே சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையமும் இருப்பதால், மேம்படுத்தப்பட்ட வகைகளைப் பற்றியும் கேட்டறியலாம்.

கடை விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சணக் கொல்லி பூசிய விதை. அதைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது.

மண்ணைவிடத் தண்ணீரை முதலில் கவனியுங்கள்

காய்கறிப் பயிர்களிலேயே உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றுள் பீன்ஸும் ஒன்று. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமனைத் தாண்டிய உடனேயே விளைச்சல் குறையத் தொடங்கும். மண் பரிசோதனை அட்டையில் இந்த எண் இருக்கும், கட்டாயம் பாருங்கள். சேலத்தில் பல வீடுகளின் போர் தண்ணீர் கடினமானது. கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் நிலத்தை ஒட்டிய பகுதிகளில் மண்ணே காரத்தன்மை கொண்டது. அத்தகைய இடங்களில் இலையின் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடைப்பகுதி மஞ்சளித்துப் போவது இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாததன் அடையாளம். மேட்டூர்க் காவிரித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் குழாய்த் தண்ணீரையும், ஐப்பசி மழையில் தொட்டியில் பிடித்த நீரையும் நாற்றுப் பருவத்துக்கென ஒதுக்கிவையுங்கள். மஞ்சளித்த இலைகளுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளிக்கலாம். ஆனால் அது தற்காலிக நிவாரணமே. நிலையான தீர்வு, பாத்தியில் மட்கிய எருவைத் தாராளமாகச் சேர்ப்பதுதான்.

மலையில் நிலைமை நேர்மாறானது. பாக்சைட் கிடைக்கும் சேர்வராயன் மலையின் செம்மண், மழையில் சுண்ணாம்புச் சத்தை இழந்து புளித்த மண்ணாக இருக்கும். கார அமில எண் 5.5க்குக் கீழே போனால் விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் டோலமைட் என்னும் சுண்ணாம்புக் கல்பொடியைத் தூவிக் கொத்திவிட வேண்டும். விறகுச் சாம்பலும் மலையில் நல்ல உரம். அதே சாம்பலைச் சேலத்துக் கார மண்ணில் இடுவது தவறு.

இரண்டு இடங்களிலும் பாத்தியை ஓர் அடி ஆழம் கொத்தி, சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ நன்கு மட்கிய தொழு உரமும், 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, தரையிலிருந்து அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தியாக அமைக்கவும். பயறு வகைச் செடி என்பதால் தழைச்சத்தே வேண்டாம் என்று சிலர் சொல்வதுண்டு. பயறு வகைகளுள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பதில் பீன்ஸ் சற்றுப் பின்தங்கியது என்பதால் எரு தேவைதான். ஆனால் யூரியாவைக் கொட்டினால் இலை மட்டும் மண்டும், பூ தள்ளிப்போகும். வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் ரைசோபியம் என்னும் வேர்முடிச்சு நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையின் மேல் பூசி, நிழலில் அரைமணி உலர்த்தி விதைப்பது நல்ல பழக்கம். ஒரு மாதம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யாத முடிச்சு.

மொட்டை மாடியில் வளர்ப்பவர்கள் 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் மூன்று செடிகளுக்கு மேல் விடக் கூடாது. செம்மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு போதும். நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும் என்பதால், அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்கவும்.

கொம்பு நடுதல்

விதைப்பதற்கு முன்பே கொம்பை நட்டுவிடுங்கள். கொடி நீண்ட பிறகு கொம்பு ஊன்றினால் வேர் அறுபடும், பீன்ஸ் வேர் அதைப் பொறுக்காது. கொடி 2 முதல் 3 மீட்டர் வரை ஏறும் என்பதால், 8 அடி நீளக் கொம்பில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போக வேண்டும். சேலத்தில் சவுக்குக் கம்பும் மூங்கிலும் எளிதில் கிடைக்கும். மலையில் காப்பித் தோட்டத்தில் நிழல் மரமாக நிற்கும் சில்வர் ஓக்கைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகளே போதும். பட்டையை உரிக்காதீர்கள். சொரசொரப்பான பரப்பில்தான் கொடி பிடித்து ஏறும். வழவழப்பான குழாயிலும் நைலான் கயிற்றிலும் காற்றடிக்கும்போது மொத்தமாகச் சரிந்து இறங்கிவிடும். கயிறு கட்டுவதானால் தேங்காய் நார்க்கயிறே சிறந்தது.

நான்கு கொம்புகளை இரண்டடிச் சதுரத்தில் ஊன்றி உச்சியைச் சேர்த்துக் கட்டும் கூடார அமைப்பு சிறிய தோட்டத்துக்கு ஏற்றது. காற்று அதிகமுள்ள மலைச்சரிவிலும் சாயாது. நீளமான பாத்தியாக இருந்தால், இரண்டு வரிசைக் கொம்புகளை உச்சியில் குறுக்காகச் சேர்த்து, மேலே ஒரு நீண்ட மூங்கிலைப் படுக்கவைத்துக் கட்டலாம். வரிசை வடக்கு தெற்காக ஓடினால் இரு பக்கமும் வெயில் படும். பந்தல் எனக்கு உவப்பில்லை. அவரைக்கும் புடலைக்கும் அது சரி. பீன்ஸில் காய்கள் இலைக்கூட்டத்துக்குள் மறைந்து, பறிக்காமல் முற்றிவிடும்.

ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் தொடங்கிய காப்பித் தோட்டங்களால் ஏற்காட்டின் பல வீடுகள் மர நிழலுக்குள்ளேயே இருக்கின்றன. அந்த நிழல் காப்பிக்கும் மிளகுக்கும் இதம், பீன்ஸுக்குத் துரு நோய். வீட்டின் கிழக்குப் பக்கம் திறந்திருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை வெயில் இலையின் பனியைச் சீக்கிரம் உலர்த்தும்.

விதைத்தல்

விதையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நன்கு உலர்ந்த பீன்ஸ் விதை வேகமாக நீரை இழுத்தால் உள்ளிருக்கும் பருப்பு வெடித்து முளை பழுதாகும், மலையின் குளிர்ந்த நீரில் இந்தச் சேதம் இன்னும் அதிகம். அதற்குப் பதிலாக முதல் நாளே பாத்தியை நனைத்து, மறுநாள் ஈரம் பரவிய மண்ணில் விதைத்து, இரண்டு நாட்கள் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள். மண்ணின் ஈரமே போதும்.

ஓர் அங்குல ஆழத்தில், விதையின் கண் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்குமாறு வைக்கவும். ஒரு கொம்பைச் சுற்றி 5 விதைகள் ஊன்றி, முளைத்த பின் திடமான மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வரிசையாக விதைத்தால் விதைக்கு விதை 15 முதல் 20 சென்டிமீட்டரும், வரிசைக்கு வரிசை 75 முதல் 90 சென்டிமீட்டரும் விடவும். அரிதான விதையாக இருந்தால், அதன் முளைப்பு நன்றாக இருக்கும் வரை முழுவதையும் விதைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு டப்பாவிலேயே இருக்கட்டும்.

முளைக்கும் முறையைக் குனிந்து பார்க்க வேண்டும். முதலில் மேலே வருவது இலையல்ல, வளைந்த தண்டு. கொக்கிபோல் முதுகை முன்தள்ளி மண்ணைப் பிளந்துகொண்டு வந்து, பிறகு தன் பின்னால் இரண்டு பருப்புகளையும் இழுத்துத் தூக்கும். அந்த நேரத்தில் மேல்மண் இறுகியிருந்தால் கழுத்து முறிந்து, பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மழைக்குப் பின் காய்ந்த சேலத்துச் செம்மண்ணில் இது அடிக்கடி நேரும். விதைக்குழியைத் தோண்டிய மண்ணால் மூடாமல், மணலும் சலித்த எருவும் கலந்த கலவையால் மூடினால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். பூவாளியின் மெல்லிய தூறலை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடைமழை நாட்களில் காகிதக் கிண்ணத்தில் முளைக்கவைத்து, முதல் ஜோடி இலை விரிந்தவுடன் கிண்ணத்தோடு நடுவதும் சரியே. அதற்கு மேல் தாமதித்தால் வேர் சுருண்டுகொள்ளும்.

முதல் 30 நாட்கள்

சமவெளியில் இந்தக் காலத்தில் பீன்ஸுக்கு வரும் பெரிய ஆபத்து தண்டு ஈ. கருப்பாகப் பளபளக்கும் மிகச் சிறிய ஈ, முதல் இலைகளில் முட்டையிடும். புழு இலைக்காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி, தரையை ஒட்டிய அடித்தண்டில் தங்கும். இலை மஞ்சளாகி, தண்டின் அடி பருத்துப் பிளந்திருந்தால் அதுதான் காரணம். முளைத்ததிலிருந்து மூன்று வாரங்கள் மெல்லிய வலைத்துணியால் பாத்தியை மூடுவது மருந்தடிப்பதைவிட மேலானது. பாதிக்கப்பட்ட செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, மற்றச் செடிகளின் அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மண் அணைத்தால், பிளந்த இடத்துக்கு மேலே புது வேர் விட்டுப் பல செடிகள் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வாரத்தில் கொடி நீளத் தொடங்கும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் பீன்ஸ் கொடி சுற்றி ஏறும். நுனியை எடுத்துக் கொம்பில் சுற்றிவிடும்போது அதே திசையில் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் மறுநாள் காலைக்குள் அது அவிழ்ந்து தொங்கும். நண்பகலில் தண்டு சற்றுத் தளர்ந்திருக்கும் நேரமே இதற்கு ஏற்றது, காலையில் நுனி எளிதில் ஒடியும்.

25ஆம் நாளுக்கு மேல் செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு மண் அணைத்து, வைக்கோலோ காய்ந்த இலையோ கொண்டு மூடாக்கு போடவும். ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து இரு வாரத்துக்கு ஒருமுறை தெளிக்கலாம்.

பூவும் பிஞ்சும்

பூக்கத் தொடங்கியது முதல் பாத்தி ஒரு நாள்கூட வறளக் கூடாது. அதே நேரம் நீர் தேங்கவும் கூடாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் வேரடியில் ஊற்றுங்கள். இலை நனைய ஊற்றுவதும், மாலையில் ஊற்றுவதும் நோய்க்கு வழிவிடும்.

பூ உதிர்ந்தால் பதறி உரமிட வேண்டாம். வெப்பம், வறட்சி, அதிகத் தழைச்சத்து, இலைப்பேன் ஆகிய நான்கில் எது என்று முதலில் பாருங்கள். பூ விரியும் முன்னரே பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடுவதால், தேனீ வரவில்லை என்பது பீன்ஸில் பொதுவாகக் காரணமாக இருப்பதில்லை. இந்தத் தன்மகரந்தச் சேர்க்கைதான் வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ் விதையைத் தூய்மையாகக் காப்பதை எளிதாக்குகிறது.

நோயும் பூச்சியும்

துரு நோய் ஏற்காட்டின் நிரந்தர விருந்தாளி. இலையின் அடியில் செம்பழுப்புக் கொப்புளங்கள் தோன்றி, தொட்டால் விரலில் துருப்பொடி ஒட்டும். செடி நனைந்திருக்கும்போது பாத்திக்குள் நுழைய வேண்டாம். காற்றோடு கையும் உடையும் அதைக் கடத்துகின்றன. கொடி உச்சியை எட்டியதும் தரையிலிருந்து ஓரடி வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். தொடக்கத்திலேயே நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம், வெயில் ஏறிய நேரத்தில் தெளித்தால் இலை கருகும்.

காயில் கருமையாகக் குழிந்த புள்ளிகள் விழுந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்னும் கருகல் நோய். இதுவும், இலை பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி நெளியும் மொசைக் வைரஸும் விதை வழியாகவே அடுத்த ஆண்டுக்குச் செல்லக்கூடியவை. பரம்பரை விதையைக் காப்பவர் கண்டிப்புக் காட்ட வேண்டிய இடம் இது. மொசைக் தென்பட்ட செடியைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும்; புள்ளி விழுந்த காயின் விதை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் சேர்க்கக் கூடாது. வைரஸைப் பரப்பும் அசுவினிக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்பும் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளிக்கவும். சேலத்தில் மாசி பிறந்ததும் வரும் செஞ்சிலந்திக்கு, காலையில் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சுவதே பாதி வைத்தியம். ஒரே இடத்தில் பீன்ஸையோ மற்றப் பயறு வகையையோ இரண்டு ஆண்டுகளுக்கு மீண்டும் விதைக்காதீர்கள்.

ஏற்காட்டில் குரங்குகளுக்கு வலையைத் தவிர வேறு நம்பத்தக்க வழியில்லை. குறைந்தது விதைக்காக விட்ட கொம்புகளையாவது வலையிட்டு மூடுங்கள்.

பறிப்பு

காய்க்குள் விதை புடைத்துத் தெரிவதற்கு முன்பே, ஒடித்தால் டக்கென்று முறியும் பதத்தில் பறிக்க வேண்டும். பழைய வகைகளில் பெரும்பாலும் நார் இருக்கும். நாரில்லாப் பீன்ஸ் என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் கால்வின் கீனி என்பவர் தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகைகளிலிருந்து தொடங்கியது. நார் இருப்பது விதையின் குறையன்று. இரண்டு நாட்கள் முன்னதாகப் பறித்து, இரு ஓரங்களிலும் நாரை உரித்துவிட்டால் பொரியலிலும் பருப்பு உசிலியிலும் அந்தக் காயின் சுவைக்குக் கடைக் காய் ஈடாகாது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பறியுங்கள். முற்றிய காய் கொடியில் தங்கினால் புதுப் பூ குறைந்துவிடும்.

விதைக்கு விடுதல்

அந்தக் காரணத்தாலேயே சமையல் கொடியும் விதைக் கொடியும் வேறுவேறாக இருக்க வேண்டும். நன்றாகப் பறித்துத் தின்றுவிட்டு, கடைசியில் மிஞ்சும் பத்துக் காயை விதைக்கு விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அவை களைத்துப்போன, நோய் ஏறிய கொடியின் காய்கள். பல ஆண்டுகள் அவ்வாறே செய்தால் தாமதமாகக் காய்க்கும் தன்மையையும் நோயையும் நாமே தேர்ந்தெடுத்தவர்கள் ஆகிறோம். முதல் பூ வரும்போதே, நடுப்பகுதியில் உள்ள ஆரோக்கியமான செடிகளாகப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டி, அவற்றில் ஒரு காயைக்கூடச் சமையலுக்குப் பறிக்காமல் விடுங்கள். 20 செடிகள் இருந்தால் நல்லது. இடமில்லாதவர்கள் 8, 10 செடிகளிலாவது எடுக்க வேண்டும். ஒரே செடியின் விதையோடு நிறுத்திவிடக் கூடாது.

தன்மகரந்தச் சேர்க்கை என்றாலும், பெரிய கருவண்டுகள் பூவைப் பிரித்து நுழைவதால் சிறிதளவு கலப்பு நேரலாம். எளிய வழி, ஒரு பருவத்தில் ஒரே வகைப் பீன்ஸை மட்டும் பூக்கவிடுவது. முடியாவிட்டால் இரண்டு வகைகளுக்கிடையே 5 மீட்டருக்குக் குறையாமல் இடம் விட்டு, நடுவில் வேறொரு உயரமான பயிரை வைக்கலாம். அவரை, தட்டைப்பயறு, டபுள் பீன்ஸ் ஆகியவை வேறு இனங்கள் என்பதால் தோட்டத்தில் இவற்றோடு கலக்கும் கவலை வேண்டாம். கலப்பு நேர்ந்திருந்தால் அந்த ஆண்டு விதையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் விதைத்தோல் தாய்ச்செடியின் பகுதி. கலப்பு விதை வளர்ந்து தரும் அடுத்த ஆண்டு விதையில்தான் நிறம் மாறித் தெரியும். அப்போது அந்தச் செடியின் விதையை முழுவதுமாகத் தனியே பிரித்துவிடுங்கள்.

காய் மஞ்சளித்து, பிறகு காகிதம்போல் உலர்ந்து, குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும் வரை கொடியிலேயே இருக்கட்டும். மழை நெருங்கினால், மஞ்சளித்த காய்கள் உள்ள கொடியை வேரோடு பிடுங்கித் தாழ்வாரத்தில் தலைகீழாகத் தொங்கவிடலாம். இலைத்தண்டில் உள்ள சத்து விதைக்கு இறங்கி முற்றிவிடும். உரித்த விதையை நிழலில் காற்றோட்டமாக இரண்டு வாரம் பரப்பி வையுங்கள். சேலத்து உச்சிவெயிலில் சிமெண்ட் தரையில் காயவைக்கக் கூடாது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியாமலும், ஒரு விதையைச் சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் சிதறியும் போனால் காய்ச்சல் போதும்.

விதைக்குள் முட்டையாகவோ புழுவாகவோ தங்கியிருக்கும் வண்டுதான் அடுத்த எதிரி. நன்கு காய்ந்த விதையை மூடி இறுகிய கண்ணாடிக் குப்பியில் போட்டு, உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் எல்லா நிலையிலும் உள்ள வண்டு செத்துவிடும். வெளியே எடுத்த குப்பியை அறையின் சூட்டுக்கு வரும் வரை, அதாவது ஒரு பகல் முழுவதும், திறக்காதீர்கள். திறந்தால் விதையின் மேல் நீர் படியும். உறைபெட்டி இல்லாதவர்கள் சலித்த அடுப்புச் சாம்பலை விதைக்குச் சம அளவில் கலந்து மண்கலத்தில் வைக்கலாம். குப்பியின் அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த உலர்ந்த இடத்தில் பீன்ஸ் விதை மூன்று நான்கு ஆண்டுகள் முளைப்புத் தரும்; சேலத்துக் கோடையில் ஓட்டுக்கூரைக்கு அடியில் வைத்தால் ஓராண்டு தாங்குவதே அரிது.

விதைக்கு ஆகாதென்று ஒதுக்கிய நல்ல காய்ந்த பீன்ஸைச் சமைப்பதானால் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே மேலும் வேகவிடவும். அரைவேக்காட்டுப் பீன்ஸில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப்புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

குப்பியின் மேல் விதையின் பெயர், தந்தவர் ஊர், விளைந்த இடம், அறுவடை மாதமும் ஆண்டும், எத்தனை செடிகளில் எடுத்தது என்பதை எழுதி ஒட்டுங்கள். விதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றை அடுத்த பட்டத்துக்கும், ஒன்றைச் சேமிப்புக்கும், ஒன்றை மலைக்கு மேலேயோ கீழேயோ உள்ள இன்னொரு வீட்டுக்கும் ஒதுக்குங்கள். கொடுப்பதற்கு முன் 10 விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். 8 முளைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். 5க்குக் கீழே என்றால் யாருக்கும் கொடுக்காமல், மீதமுள்ள எல்லாவற்றையும் வரும் பட்டத்திலேயே நெருக்கமாக விதைத்துப் புதுவிதை எடுத்துக்கொள்ளுங்கள்.